வீட்டில் படிப்பு, இணையத்தில் பாடம், வெளியில் தேர்வு

பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கும் பிள்ளை ஒன்பதாம் வகுப்பு வயதை எட்டும்போது இணையவழிப் பாடத்தின் தலையில் இரண்டு வேலைகள் விழுகின்றன. ஒன்று, கற்பிப்பது. இன்னொன்று, கற்றதற்குக் கல்லூரியும் அரசு அலுவலகமும் ஏற்கும் ஒரு தாளைப் பெற்றுத் தருவது. முதல் வேலையை இணையம் ஓரளவு நன்றாகவே செய்கிறது. இரண்டாவதை இந்தியாவில் பள்ளி நிலையில் எந்த இணையப் பாடமும் தானாகச் செய்வதில்லை. அது தேர்வு வாரியத்தின் வேலை. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பிள்ளையை வீட்டில் படிக்கவைக்க நினைக்கும் குடும்பத்தின் மற்ற கேள்விகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

இப்படிப் படித்ததற்குக் கணக்கு வைத்துத் தரும் ஏற்பைக் குறிக்கும் ‘கிரெடிட்’ என்ற சொல் வெளிநாட்டுப் பள்ளி வழக்கிலிருந்து வந்தது. அமெரிக்காவில் 1906-ல் கார்னெகி அறக்கட்டளை வகுத்த அளவின்படி, ஒரு பாடத்தை ஓராண்டில் சுமார் 120 மணி நேரம் படித்தால் ஓர் அலகு. பள்ளிப் படிப்பு முடிய இத்தனை அலகுகள் வேண்டும் என்று மாநிலங்களும் பள்ளி மாவட்டங்களும் கணக்கு வைத்திருக்கின்றன. அங்கே வீட்டில் படிக்கும் பிள்ளை வேதியியலை ஓர் இணையப் பள்ளியிலும், கணக்கை அம்மாவிடமும், மூன்றாவது பாடத்தைப் பக்கத்துச் சமுதாயக் கல்லூரியிலும் படித்து மூன்றையும் ஒரே பட்டியலில் ஏற்றலாம். பல மாநிலங்களில் அந்தப் பட்டியலைப் பெற்றோரே எழுதுகிறார்கள். அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பழகிய ஏற்பாடு. 1998-ல் தொடங்கிய கலிஃபோர்னியா தமிழ்க் கழகத்தின் வார இறுதி வகுப்புகள் அங்கீகார அமைப்பின் ஏற்பைப் பெற்றபின், பள்ளி மாவட்டங்கள் சில அந்தத் தமிழ்ப் படிப்பைப் பிறமொழிப் பாடத்துக்கான கிரெடிட்டாக எடுத்துக்கொள்கின்றன. வார இறுதியில் படித்த தமிழ், திங்கட்கிழமைப் பள்ளியின் கணக்கில் ஏறுகிறது.

தமிழ்நாட்டில் மணிக்கணக்கை யாரும் கேட்பதில்லை. மார்க் ஷீட்டைக் கேட்பார்கள். எங்கே படித்தாய் என்பதைவிட எந்த போர்டில் எழுதினாய் என்பதே இங்கு கேள்வி. ஆனால் இதில் ஒரு தாராளமும் இருக்கிறது. பள்ளிக்கே போகாதவரும் தேர்வெழுதலாம் என்ற கதவு இங்கே நெடுங்காலமாகத் திறந்திருக்கிறது. ‘பிரைவேட்டாக எழுதுவது’ என்று ஊரில் சொல்வது அதைத்தான். கணித மேதையான கும்பகோணத்து ராமானுஜன் 1907-ல் எஃப்.ஏ. தேர்வைத் தனித்தேர்வராக எழுதித் தோற்றவர். 1910-ல் அவர் தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றது, திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரின் முன்னால். 2019 வரை விழுப்புரம் மாவட்டத்துக்குள் இருந்த ஊர் அது. சான்று இல்லாத அறிவுக்குச் சாட்சி சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது, கிடைத்தார். எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதால்தான் தேர்வு.

வீட்டுக் கல்வியைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதில் குழப்பம் அதிகம். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் சொல்லவில்லை. வீட்டுக் கல்வி என்ற சொல்லே சட்டத்தில் இல்லை. ஒரு மாணவி டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், தாமாக விரும்பி வீட்டில் படிக்கவைப்பவர்களுக்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை என்று மத்திய அரசு 2012-ல் பிரமாணப் பத்திரம் தந்தது; பிறகு அந்த நிலையிலிருந்து விலகியது. ஆக, வீட்டுக் கல்வி தடை செய்யப்படவும் இல்லை, முறைப்படுத்தப்படவும் இல்லை.

நடைமுறையில் சட்டப் புத்தகத்தைவிட முன்னதாக வாசலுக்கு வருவது பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு. ஆசிரியர்களும் ஆசிரியப் பயிற்றுநர்களும் தெருத் தெருவாக வரும்போது, வீட்டில் படிக்கும் பிள்ளை அவர்கள் தாளில் பள்ளி செல்லாதவர் கணக்கில்தான் விழும்.  ஆனால் 14 வயது முடிந்தபின் கட்டாயக் கல்வியின் பிடி விலகிவிடுகிறது. பின்னால் வரும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சேரக் குறைந்தபட்ச வயதும் அதே 14. உயர்நிலைக் கட்டம் இப்படி, தற்செயலாகவே ஆனாலும், வீட்டுக் கல்விக்குச் சட்டச் சிக்கல் குறைந்த கட்டமாக அமைந்திருக்கிறது.

தாள் பெறுவதற்கு இரண்டு பெரிய வழிகள் உண்டு. முதலாவது மாநில அரசின் தனித்தேர்வர் வழி. அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்புக்கு இ.எஸ்.எல்.சி. என்ற தேர்வை நடத்துகிறது. பன்னிரண்டரை வயது நிறைந்தவர் எழுதலாம். அதில் தேறி, பதினான்கரை வயதும் நிறைந்தால் நேரடியாகப் பத்தாம் வகுப்பு. கல்வி மாவட்டந்தோறும் குறிக்கப்பட்ட சேவை மையத்தில் நேரில் போய், புகைப்படம் எடுத்து, இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். தேதியைத் தவறவிட்டால் கூடுதல் கட்டணத்தோடு தக்கல். விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் வீட்டுக் கல்விப் பிள்ளைகள் அல்லர்; பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர்கள், கல்யாணமாகிப் படிப்பை விட்ட பெண்கள், ஒரு பாடத்தில் தவறியவர்கள். டுட்டோரியல் கல்லூரிகள் பிழைப்பதும் இவர்களை நம்பித்தான். விருப்பப்பட்டு வீட்டில் படிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கென்று தனி வரிசை கிடையாது. அதுவும் இதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

இந்த வழியில் இணையப் பாடம் தடுக்கி விழும் இடம் அறிவியல் செய்முறை. பத்தாம் வகுப்புத் தனித்தேர்வர், குறிக்கப்பட்ட பள்ளியில் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதிந்து, 80 சதவீதம் வருகை வைத்தால்தான் செய்முறைத் தேர்வுக்கு அனுமதி. குவிலென்சின் குவியத் தொலைவைக் காணொளியில் பத்து முறை பார்க்கலாம். சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே லென்சைப் பிடித்துத் திரையை முன்னும் பின்னும் நகர்த்தி, வெளியே நிற்கும் மரம் தலைகீழாகத் தெளியும் இடத்தில் நிறுத்தி அளவுகோலைப் படிப்பது கையின் வேலை. ஒரு விரல்கடை தள்ளினாலும் பிம்பம் கலங்கிவிடும். மேல்நிலையில் இது இன்னும் கடினம். நேரடித் தனித்தேர்வர்கள் பொதுவாக எடுப்பது செய்முறை இல்லாத தொகுதிகளை: வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், வரலாறு. மருத்துவமோ பொறியியலோ மனத்தில் உள்ள பிள்ளைக்கு இந்த வழி பத்தோடு நின்றுவிடுகிறது என்றே சொல்லலாம்.

மேல்நிலை விதிகள் அடிக்கடி மாறுவதும் ஒரு தொல்லை. 2018 மார்ச்சில் பிளஸ் 1 வகுப்புக்கு முதன்முறையாகப் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அது நீங்கியது. இரண்டாண்டுக்கு முன் எழுதிய அண்ணன் சொல்லும் வழி தம்பிக்குப் பொருந்தாமல் போகலாம். அந்த ஆண்டின் தனித்தேர்வர் அறிவிப்புதான் கணக்கு.

இரண்டாவது வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், என்.ஐ.ஓ.எஸ். என்ற ஆங்கிலச் சுருக்கத்தில் அறியப்படுவது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 1979-ல் ஒரு சோதனைத் திட்டமாகத் தொடங்கிய திறந்த பள்ளி, 1989 நவம்பரில் தனி நிறுவனமானது. தேர்வு நடத்திச் சான்றளிக்கும் அதிகாரம் 1990-ல் வந்தது. இன்றைய பெயர் 2002-ல். தலைமையகம் நொய்டாவில், தமிழ்நாட்டுக்கான மண்டல மையம் சென்னையில். அதே 1979-ல்தான் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. பார்சலில் வரும் பாடக் கட்டை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே பட்டம் வாங்குவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பள்ளிப் படிப்பையும் அப்படி முடிக்கலாம் என்பது மட்டும் மெதுவாகத்தான் பரவியது.

என்.ஐ.ஓ.எஸ். முறையின் அழகு அதன் நெகிழ்வில் இருக்கிறது. ஐந்து பாடங்கள் போதும், அதில் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும். விரும்பினால் இரண்டு கூடுதல் பாடங்கள். பதிவு ஐந்தாண்டு செல்லும். ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வுகள், ஏப்ரல்–மே ஒன்று, அக்டோபர்–நவம்பர் ஒன்று. அந்த ஐந்தாண்டுக்குள் ஒன்பது வாய்ப்புகள். எல்லாப் பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. மனையியலை இந்தப் பருவத்திலும் கணக்கை அடுத்த பருவத்திலும் எழுதலாம். தேர்ச்சிக்கு 33 சதவீதம். வீட்டில் எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கு 20 சதவீத எடை உண்டு. கற்றல் குறைபாடுள்ள பிள்ளை, நோயில் ஓராண்டை இழந்த பிள்ளை, சதுரங்கத்துக்கோ நடனத்துக்கோ நாளில் பாதியைக் கொடுக்கும் பிள்ளை ஆகியோருக்கு இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ஒரு நிபந்தனை மட்டும் பலரைக் கடைசி நேரத்தில் தடுக்கும்: பத்தாம் வகுப்பில் தேறியதற்கும் பன்னிரண்டை முழுதாக முடிப்பதற்கும் நடுவே இரண்டாண்டு இடைவெளி வேண்டும். ‘ஒரே வருஷத்தில் பிளஸ் டூ’ என்று சுவரில் ஒட்டும் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

அமெரிக்கப் பொருளில் கிரெடிட்டுக்கு மிக நெருக்கமானது இந்த நிறுவனத்தின் ‘கிரெடிட் மாற்றம்’. அங்கீகாரம் பெற்ற வேறொரு வாரியத்தில் எழுதி, சில பாடங்களில் மட்டும் தேறியவர், அவற்றில் இரண்டின் மதிப்பெண்ணை இங்கே கொண்டுவரலாம். மாநிலப் பத்தாம் வகுப்பில் தமிழிலும் சமூக அறிவியலிலும் தேறி மற்றவற்றில் தவறியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது, இங்கும் மாறிவருவது வாரியத் தேர்வின் மதிப்பெண்தான். இணையப் பாடம் ஒன்றை முடித்ததற்கான சான்றிதழ், எவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு வந்தாலும், இந்தக் கணக்கில் ஏறாது.

அப்படியானால் இணையப் பாடங்கள் எதற்கு? படிப்பதற்கு. 2017 ஜூலை 9-ல் தொடங்கிய ‘ஸ்வயம்’ தளத்தில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையான பாடங்களும் உண்டு. பள்ளிக்கு வெளியே இருப்பவர்களுக்கான பாடங்களைத் தயாரிப்பது என்.ஐ.ஓ.எஸ். ஒவ்வொரு பாடமும் காணொளி, வாசிப்புப் பகுதி, தன்மதிப்பீட்டு வினாக்கள், கேள்வி கேட்கும் அரங்கம் என நான்கு பகுதிகளாக வரும். கட்டணம் இல்லை. கல்லூரி நிலையில் ஸ்வயம் பாடங்களுக்குக் கிரெடிட் உண்டு: பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல் 20 சதவீதம் வரை அனுமதித்தது, 2021-ல் அதை 40 ஆக்கியது. பள்ளி நிலையில் அந்த ஏற்பாடு இல்லை. கல்லூரி விதியைப் படித்துவிட்டுப் பள்ளிக்கும் அப்படியே என்று நம்பிக்கொள்ளும் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரே தளத்தில் இரண்டும் இருப்பதால் வரும் மயக்கம்.

மாநிலத்தின் பக்கத்தில் 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் அச்சான கியூஆர் குறியீடுகள், அவை திறக்கும் ‘தீக்‌ஷா’ தளம், 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, 2023-ல் வந்த மணற்கேணி செயலி ஆகியவை உள்ளன. தமிழில் விளக்கும் தரமான பாடங்கள் இவற்றில் தாராளமாகக் கிடைக்கின்றன. இங்கேதான் மொழியின் முடிச்சு விழுகிறது. தமிழில் உள்ள காணொளிகள் மாநிலப் பாடநூலை ஒட்டியவை. என்.ஐ.ஓ.எஸ். தேர்வோ தன் சொந்தப் பாடநூலிலிருந்து கேட்கிறது. அதற்கான இணையப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும். பத்தாம் வகுப்பு நிலையில் தமிழ்வழிப் பாடநூல்கள் அங்கு உண்டு. மேல்நிலைக்குப் போகப்போக ஆங்கிலத்தின் மேல் சாய வேண்டியிருக்கிறது. ஆகவே திண்டிவனத்தில் தமிழ்வழியில் படித்து வீட்டுக்கு வந்த பிள்ளை, நெகிழ்வான தேர்வும் தமிழ்ப் பாடமும் ஒரே இடத்தில் கிடைக்காது என்பதை ஏற்றுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சிலர் மாநிலக் காணொளியில் ஒளியியலைப் புரிந்துகொண்டு, பிறகு திறந்தநிலைப் பள்ளி நூலில் அதே பாடத்தைப் பயிற்சி செய்கிறார்கள். வேலை இரட்டிப்பு, ஆனால் பயன் உண்டு.

இணையப் பள்ளி என்று பெயரே தாங்கியவையும் வந்துவிட்டன. 2021 ஆகஸ்டில் என்.ஐ.ஓ.எஸ். தன் மெய்நிகர்ப் பள்ளியைத் தொடங்கியது. டெல்லி அரசு 2022 ஆகஸ்ட் 31-ல் தன் மெய்நிகர்ப் பள்ளியைத் தொடங்கி, நாட்டிலேயே முதலாவது என்று சொல்ல, நாங்கள் ஓராண்டு முந்தி என்று என்.ஐ.ஓ.எஸ். மறுத்தது. யார் முதல் என்ற தகராறு சுவையானதுதான். வகுப்பு இணையத்தில் நடந்தாலும் பொதுத்தேர்வுக்கு மையத்துக்குப் போக வேண்டும் என்ற அடிப்படை எதிலும் மாறவில்லை.

அது மாறக்கூடும் என்ற பேச்சு 2023 ஏப்ரலில் வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்போடு வந்தது. 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட். பள்ளியில் ஓராண்டுக்கு 1200 மணி நேரம், 40 கிரெடிட். ஒவ்வொரு மாணவரின் கிரெடிட்டும் மின்னணு வங்கியில் சேரும், இணையப் படிப்பும் அதில் இடம்பெறலாம் என்பது திட்டம். கார்னெகி கணக்கு நூறாண்டு கழித்து இந்தியப் பள்ளிக்குள் நுழைவதாக இதை வாசிக்கலாம். ஆனால் கட்டமைப்பின்படியும் கிரெடிட் சேர்வது, மதிப்பிடப்பட்டுத் தேறிய கற்றலுக்குத்தான். மதிப்பிடும் பொறுப்பு அங்கீகாரம் பெற்ற அமைப்பினுடையது. வீட்டில் அம்மா பதிந்த மணிக்கணக்கை வங்கி வாங்கிக்கொள்ளாது.

இணையவழியில் மட்டும் படித்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு முழுவதும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியிருந்தபோது, ஒரு செல்போனை அப்பா வேலைக்கு எடுத்துப்போன வீடுகளில் பாடமும் அவரோடு போய்விட்டது. கற்றல் இழப்பை ஈடுகட்ட அரசு வகுத்த ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021 அக்டோபர் 27-ல் தொடங்கப்பட்ட இடம் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பம். திண்டிவனத்துக்குக் கிழக்கே, உப்பளங்களைத் தாண்டிய கடலோரம். மாலையில் தன்னார்வலர் ஒருவர் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதே திட்டத்தின் உயிர். திரையில் விட்டதை மனிதர் வந்து மீட்க வேண்டியிருந்தது. வீட்டுக் கல்விக் குடும்பங்கள் இதை மனத்தில் வைப்பது நல்லது: பக்கத்தில் உட்கார்ந்து கேட்கப் பெரியவர் ஒருவர் இல்லாத வீட்டில் இணையப் பாடம் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும்.

தனித்தேர்வருக்குப் பின்னால் நிறுவனம் எதுவும் நிற்பதில்லை என்பதும் அதே காலத்தில் தெரிந்தது. 2020 ஜூனில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தாகிப் பள்ளி மாணவர் அனைவரும் தேறியதாக அறிவிக்கப்பட்டனர். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணும் வருகைப் பதிவும் அவர்களுக்கு இருந்தன. தனித்தேர்வருக்கு அப்படி எதுவும் இல்லை. அவர்கள் அந்த ஆண்டு செப்டம்பரில் முகக்கவசத்தோடு போய் எழுதினார்கள். 2021-லும் அதே கதை. நியாயமா என்றால், நியாயம் குறைவுதான். ஆனால் ஆண்டு முழுவதும் பள்ளி வைத்திருக்கும் சிறு சிறு பதிவுகள் எதற்குப் பயன்படும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு பக்கமும் உண்டு. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில், வானூர் வட்டத்தில், 1968 பிப்ரவரி 28-ல் தோன்றிய ஆரோவில் இருக்கிறது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கல்வி மையம் தேர்வையும் பட்டத்தையும் வேண்டாமென்று ஒதுக்கியது. அந்த மரபில் ஆரோவில்லிலும் சான்றிதழுக்காகப் படிப்பதில்லை என்ற எண்ணம் வேரூன்றியது. அங்குள்ள பள்ளிகளில் லாஸ்ட் ஸ்கூல் அந்த வழியில் நடக்க, ஃப்யூச்சர் ஸ்கூல் விரும்பும் மாணவர்களைப் பிரிட்டிஷ் பள்ளித் தேர்வுகளுக்குத் தயார் செய்கிறது. தேர்வே வேண்டாம் என்று தொடங்கிய ஊரிலும், வெளியே மேற்படிப்புக்குப் போக நினைக்கும் பிள்ளைக்குத் தேர்வின் வாசல் ஒன்றை வைக்க வேண்டியிருந்தது.

அந்தப் பிரிட்டிஷ் தேர்வுகள் வீட்டுக் கல்விக் குடும்பங்களுக்கு மூன்றாவது வழி. கேம்பிரிட்ஜ் தேர்வுகளைப் பள்ளியில் சேராமல் தனியாகப் பதிந்து எழுதலாம். செலவு கூடுதல், மையம் பெரும்பாலும் சென்னை போன்ற பெருநகரத்தில், ஆய்வகம் வேண்டிய பாடங்களுக்கு மையம் கிடைப்பதும் அரிது. நான்காவதாக ஒரு வழி இருப்பதாக இணையத்தில் கடை விரிப்பவர்கள் உண்டு: அமெரிக்க இணையப் பள்ளியின் டிப்ளோமா, வீட்டிலிருந்தே, தேர்வும் வீட்டிலேயே. அமெரிக்காவிலேயே ஓர் இணையப் பள்ளியின் மதிப்பு அதற்கு அங்கீகாரம் தந்த அமைப்பைப் பொறுத்தது. இந்தியக் கல்லூரியில் சேர அதற்குமேல் இணைத்தன்மைச் சான்று வேண்டும். பணம் கட்டுவதற்கு முன், பிள்ளை சேர விரும்பும் கல்லூரி அந்தத் தாளை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குவதே பாதுகாப்பு. ‘கவர்ன்மென்ட் அப்ரூவ்டு’ என்ற சொல் எந்த அரசு என்று சொல்வதில்லை.

வீட்டுக் கல்வி பற்றி நகரங்களில் எழுதப்படுபவற்றில் அதிகம் வராத ஒன்று, அரசுப் பள்ளியை விட்டால் கூடவே போய்விடும் உரிமைகள். 2020-ல் வந்த சட்டத்தின்படி மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடங்கள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. மறு ஆண்டு பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் (2022), ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வனும் (2024) ஆறு முதல் அரசுப் பள்ளியில், அல்லது அரசு வரையறுத்த பள்ளியில், படித்தவர்களுக்கே. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை 2010 முதல் உண்டு. பள்ளிக்குப் போகாமல் தனித்தேர்வராக எழுதியவர் அதைக் கோர முடியாது. 2011 கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80 சதவீதமாக இருந்தபோது பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் 72 சதவீத அளவில்தான் இருந்தது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் நிறைந்த மாவட்டத்தில் இந்த உரிமைகள் சில்லறை விஷயமல்ல. ஒன்பதாம் வகுப்பில் ஓராண்டு வீட்டில் வைத்துப் பார்ப்போம் என்று டி.சி. வாங்கும் பெற்றோர், அந்த ஒரே ஆண்டால் ஏழாண்டுத் தொடர்ச்சி அறுவதைக் கணக்கில் எடுப்பதில்லை. நடுத்தர வர்க்கத்துத் தனியார் பள்ளிக் குடும்பத்துக்கு இந்த இழப்பு கிடையாது. வீட்டுக் கல்வி அவர்களிடையே எளிதாகப் பரவ அதுவும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

மொழிப்பாடத் தேர்வும் பின்னால் கடிக்கும். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளுக்கானது. திறந்தநிலைப் பள்ளியில் தமிழை எடுக்காமலே பத்தாம் வகுப்பை முடிக்கலாம். ஆனால் 2021 டிசம்பரில் வந்த ஆணைக்குப் பிறகு மாநில அரசுப் பணிக்கான போட்டித் தேர்வுகளில் தமிழ்த் தாளில் 40 சதவீதம் எடுத்தாக வேண்டும். மதிப்பெண் எளிது என்று வேறு பாடத்தைத் தேர்ந்தவர் அப்போது தமிழுக்குத் தனியே உட்கார வேண்டிவரும்.

மேற்படிப்பு வாசலில் நிலைமை முன்பைவிடத் தேவலை. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர் நீட் எழுதக் கூடாது என்ற விதியை 2018 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024-ல் உச்ச நீதிமன்றத்திலும் அவர்களின் தகுதி உறுதியானது. சென்னை ஐ.ஐ.டி. 2020 ஜூனில் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பு இணையவழியில் நடப்பது. அங்கும் தேர்வுகளை மையத்தில் நேரில் எழுத வேண்டும், பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தில் கணக்கை விட்டுவிட்ட பிள்ளைக்கு அந்தக் கதவு பதினைந்து வயதிலேயே சாத்தப்பட்டிருக்கும்.

குறுக்கு வழி ஒன்று அடிக்கடி பரிந்துரைக்கப்படுகிறது: பிளஸ் டூ இல்லாமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஆயத்தப் படிப்பு ஒன்றை முடித்து நேராகப் பட்டம் படிப்பது. படிக்கலாம், பட்டமும் கிடைக்கும். ஆனால் தமிழ்நாடு அரசின் 2009-ஆம் ஆண்டு அரசாணை எண் 107, பத்தும் பிளஸ் டூவும் முறைப்படி முடிக்காமல் பெற்ற திறந்தநிலைப் பட்டத்தை அரசுப் பணிக்கு ஏற்பதில்லை. பட்டம் வாங்கிய பின் திரும்பி வந்து பிளஸ் டூ எழுதினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கும் ஆணை இடம் தரவில்லை. பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையைத்தான் அது கேட்கிறது.

இதற்கெல்லாம் நடுவே அன்றாட ஏற்பாடு சாதாரணமானது. பிறப்புச் சான்றிதழ், கடைசியாகப் படித்த பள்ளியின் டி.சி., ஆதார் மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பார்ப்பது முதல் வேலை. தமிழ்நாட்டுத் தலைப்பெழுத்து வடநாட்டுப் படிவத்தின் குடும்பப்பெயர்க் கட்டத்தில் ஏறும்போதுதான் பிழைகள் நுழைகின்றன. அடுத்தது, பதிந்துகொள்ளும் படிப்பு மையத்தில் அறிவியல் ஆய்வகம் உண்டா, செய்முறை வகுப்பு எந்த நாட்களில் என்று நேரில் போய்க் கேட்பது. விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னைக்கும் புதுச்சேரிக்கும் ரயில் இருப்பதால் மண்டல மையத்துக்கு ஒரு நாளில் போய்வரலாம். செஞ்சி, மேல்மலையனூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு அது விடிகாலைப் பேருந்தோடு தொடங்கும் நாள். தேர்வு நாட்களில், ஒரு மாதத்துக்குள் ஐந்து முறை, அந்தப் பேருந்தைப் பிடிக்க வேண்டும்.